எங்கள் கதைகளில் ஏன் சேறு இல்லை?

பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒருமுறை நாங்கள் சிலர் கூடி, படித்ததையும் எழுதியதையும் பேசுவோம். ஆறேழு பேர், தே தாரிக், கொஞ்சம் சண்டை, அவ்வளவுதான். சில மாதங்களுக்கு முன்பு நண்பர் ஒருவர் தன் புதிய சிறுகதையை அங்கே வாசித்தார். மோரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்று விற்கப்பட்டுவிட்டது. லயத்தைக் காலி செய்யும் நாளில் ஒரு பெரியவர் கடைசியாகக் கடற்கரைக்குப் போகிறார். விடிகாலை. வெண்மணல். அலை வந்து பாதத்தைத் தொடுகிறது. கடலுக்குள்ளிருந்து செக்கச் சிவந்து சூரியன் எழுகிறது. பெரியவர் அழுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "மோரிப்ல சூரியன் எப்படிண்ணே கடல்லேருந்து வரும்? அது மேற்குக் கரையாச்சே."

சிரித்துவிட்டார்கள். "இஞ்சினியர் முன்னாடி கதை வாசிச்சா இதான் நடக்கும்" என்றார் நண்பர். உதயத்தை அஸ்தமனமாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும், அது பெரிய விஷயமில்லை என்பது அங்கிருந்தவர்களின் தீர்ப்பு. செராஸுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் தோன்றியது. சூரியன் மட்டும் திசை மாறியிருந்தால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அந்த மணல் எங்கிருந்து வந்தது? அந்த அலை? மோரிப்பில் இருக்கும் கொஞ்ச மணலைத் தாண்டினால், நீர் வற்றும் நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சேறு. அலை என்று சொல்ல ஒன்றும் பெரிதாகக் கிடையாது. எதிரே சுமத்ரா; இடையில் இருப்பது ஒரு நீரிணை. நண்பர் எழுதியது மெரினாவை. சினிமாவிலும் தமிழ்நாட்டு நாவல்களிலும் வந்த கடலை எடுத்து கோல லங்காட்டில் ஒட்டியிருக்கிறார். நண்பரை மட்டும் குறை சொல்ல முடியாது. நானும் கல்லூரியில் எழுதிய கவிதைகளில் மணல்வீடு கட்டியிருக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து, இதற்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்திலிருந்து இதே கேள்வி திரும்பி வந்தது. சுவீடனின் செல்மா லாகர்லாவ் எழுதிய நில்ஸ் ஹோல்கர்சன் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். 1906, 1907 என இரண்டு பாகமாக வந்த நூல். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாட்டின் புவியியலைச் சொல்லித்தர ஒரு வாசக நூல் வேண்டும் என்று ஆசிரியர் சங்கம் கேட்டதற்காக எழுதியது. கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துப்போன ஒரு பையன் வாத்தின் முதுகில் ஏறி மாநிலம் மாநிலமாகப் பறக்கிறான். 1909இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் லாகர்லாவ். பாடப்புத்தகத்துக்கான ஆர்டரில் இப்படி ஒரு நாவல் எழுத முடியும் என்பதே எனக்கு ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், அதில் ஒரு மாநிலத்துக்கு மட்டும் தனி அத்தியாயம் கிடையாது. தென்மேற்குக் கரையில் இருக்கும் ஹால்லாந்து. (நெதர்லாந்தின் ஹாலந்து வேறு.) டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையில் கைமாறிக் கைமாறி, 1658இல் சுவீடனோடு நிரந்தரமாகச் சேர்ந்த கரை. அதுவும் ஒரு நீரிணையைப் பார்த்துக் கிடக்கிறது. நூற்றுப் பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும் 'எங்கள் ஊரை ஏன் விட்டுவிட்டாள்' என்ற பேச்சு அந்த நூலைப் பற்றிய எல்லா அறிமுகத்திலும் வந்துவிடுகிறது. கதையில் தன் ஊர் இல்லை என்று கேட்க ஓர் ஊருக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் எனக்கு உறைத்தது. கோல சிலாங்கூரும் கிள்ளானும் கோல லங்காட்டும் நம்மிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்கலாம்.

இந்தக் கரை எப்படிப்பட்டது? நான் வடிகால் வேலை பார்ப்பவன், அதனால் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கிள்ளான் துறைமுகத்தில் கடல் மட்டம் ஏறக்குறைய 4 மீட்டர் ஏறி இறங்கும், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு முறை. சென்னையில் இதே நாள்களில் ஒரு மீட்டர் அளவுதான். 4 மீட்டர் என்பது ஒரு மாடிக்கும் மேலே. நிலமோ தட்டை. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய களிமண்ணும், உள்ளே தள்ளிப்போனால் கரிச்சதுப்பும். கரையோரம் முழுக்க பாக்காவ் காடு, அதாவது அலையாத்தி. அப்படியே விட்டால் இந்த நிலத்தில் பெரும்பகுதி தினம் இரண்டு வேளை கடலுக்குச் சொந்தம். இதில் தோட்டம் போட வேண்டுமென்றால் முதலில் கடலை நிறுத்த கரை எழுப்ப வேண்டும். பிறகு உள்ளே வாய்க்கால் வெட்ட வேண்டும். வாய்க்கால் கடலைச் சேரும் இடத்தில் மதகுக் கதவு. கடல் வற்றும்போது கதவு திறந்து உள்தண்ணீர் வெளியே போகும், பெருகும்போது மூடிக்கொள்ளும். பெருக்கு நேரத்தில் கனமழை பிடித்தால் உள்ளே விழுந்த தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும். இன்னொன்றும் உண்டு. இந்தக் களிமண்ணில் கந்தகச் சேர்மங்கள் கிடக்கின்றன. நனைந்தே கிடந்தால் தொந்தரவில்லை. வடித்துக் காற்றுப் பட்டால் அமிலமாகி வாய்க்கால் தண்ணீரையே புளிக்க வைத்துவிடும்.

அந்தக் கரையை எழுப்பி, அந்த வாய்க்காலைத் தூர்வாரி, அந்த மண்ணில் லைபீரியக் காப்பியும் தென்னையும் கித்தாவும் பிறகு செம்பனையும் வைத்ததில் நம் ஆள்களின் கை எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் நம் கதைகளில் தோட்டம் என்றால் பெரட்டு, கிராணி, தண்டல், கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், கித்தா மரம். அது சிரம்பானில் இருந்தாலும் சுங்கை சிப்புட்டில் இருந்தாலும் பந்திங்கில் இருந்தாலும் ஒரே தோட்டம். அகிலன் எழுபதுகளில் இங்கே வந்து போய் எழுதிய 'பால்மரக்காட்டினிலே' நாவலின் தலைப்பு அந்தப் பொதுத் தோட்டத்துக்குப் பொருத்தமான பெயர். அவர் விருந்தாளி, அவரை விட்டுவிடலாம். நாம்?

இதே கரையை எழுதிய வெளியாள்கள் மூன்று பேரை அடுத்தடுத்துப் படித்தால் நம் நிலை இன்னும் தெளிவாகும். இசபெல்லா பேர்ட் 1879இல் வந்தார். அன்றைக்குச் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகர் கிள்ளான். அடுத்த ஆண்டுதான் அது கோலாலம்பூருக்கு மாறியது. ரெசிடெண்டின் நீராவிப் படகில் லங்காட் வரை போய் சுல்தான் அப்துல் சமாட்டைப் பார்த்துவிட்டு வந்து, 1883இல் பொன் தீபகற்பம் என்று தலைப்புக் கொடுத்து ஒரு நூல் எழுதினார். நல்ல கண் அவருக்கு. செடி, மரம், ஒளி எல்லாம் துல்லியமாக இருக்கும். ஆனால் சில வாரங்களே பார்த்த கண்.

இரண்டு வருடம் கழித்து அதற்கு மறுப்பாக இன்னொரு நூல் வந்தது. எழுதியவர் எமிலி இன்னஸ். அவர் கணவர் 1876 முதல் லங்காட்டில் கலெக்டர். தலைப்பிலேயே, பேர்ட் பூசிய பொன்முலாமைச் சுரண்டிவிட்டேன் என்கிறார். சதுப்பு, கொசு, பேச ஆளில்லாத மாதங்கள், சாப்பிடக் கிடைக்காத சாமான், கணவரின் மேலதிகாரிகள் மேல் கோபம். புலம்பல் நூல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு பேர்டைவிட இன்னஸைத்தான் பிடிக்கிறது. முடிவில் அவர் ஒரு வாதம் வைக்கிறார். பேர்ட் எழுதியதும் உண்மை, நான் எழுதியதும் உண்மை. அவர் பிரபலமானவர் என்பதால் அரசாங்கப் படகும் அதிகாரிகளும் அவருக்காகக் காத்திருந்தார்கள், எனக்கு அப்படியில்லை என்கிறார். நிலக்காட்சி என்பது அதை எந்த வண்டியில் இருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதை 1885இலேயே, சேற்றில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் எழுதிவிட்டார். அதே சமயம் கறாராகவும் சொல்ல வேண்டும்: அவருக்குக் கீழே, வண்டியே இல்லாமல், இதே கரையில் வாழ்ந்தவர்களை அவர் கருணையோடு பார்த்தார் என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்றாமவர் ஹென்றி ஃபோக்கோனியே. பிரெஞ்சுக்காரர், 1905இல் வந்து சிலாங்கூர் ஆற்றுப் பக்கம் தோட்டம் போட்டவர். 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமாரம் தோட்டத்தில் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டதும் அவர்தான். இன்றைக்கு விமானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பச்சை முழுக்க அங்கிருந்து தொடங்கியது. 1930இல் அவருடைய 'மலேசி' நாவலுக்கு பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. மலாய்ப் பந்துன்கள் நிறைந்த, அழகான நாவல். தமிழ்த் தொழிலாளிகளும் அதில் வருகிறார்கள், போகிறார்கள். மலாய்க்காரரின் மனதுக்குள் நுழைய அவ்வளவு ஆசைப்படுகிற ஆசிரியர் தமிழர் பக்கம் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் வாசிப்பு. நாவலின் ஆன்மா முழுக்க கம்பத்திலும் காட்டிலும் இருக்கிறது. லயத்தில் ஆன்மா இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

(தோட்டக்காசுக்கும் ஐரோப்பிய இலக்கியத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. பேராக் கரையோரத்தில் ஜெண்டராட்டா தோட்டத்தை 1906இல் தொடங்கிய டேனிஷ்காரர் ஆகே வெஸ்தென்ஹோல்ஸ், எழுத்தாளர் கேரன் பிளிக்ஸனின் தாய்மாமா. பிளிக்ஸனின் ஆப்பிரிக்கக் காப்பித் தோட்டத்தை நடத்திய கம்பெனிக்கும் அவர்தான் தலைவர். 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படிக்கும்போது இனி எனக்குத் தெலுக் இந்தான் ஞாபகம் வராமல் இருக்காது.)

ஆக, அதிகாரி வர்க்கமும் துரை வர்க்கமும் இந்தக் கரையைப் பெயர் சொல்லி எழுதிவிட்டார்கள். நாம் மரத்தை மட்டும் எழுதினோம். அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' எனக்குத் தெரிந்த முக்கியமான விதிவிலக்கு. அவசரகாலத்தில் இரண்டு பக்கத் துப்பாக்கிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சனங்களைப் பற்றிய நாவல், ஆற்றின் பெயரைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அன்றைய சந்திப்பில் ஒருவர் சொன்ன எதிர்வாதம் நியாயமானது. "தோட்டத்து ஆளுக்கு ஏதுடா கடல்? அவன் கங்காணியோட வந்தான். ஒரு தோட்டத்துல பத்து வருசம், இன்னொன்னுல பத்து வருசம். அவனுக்கு ஊரே கிடையாது. எல்லாத் தோட்டமும் ஒன்னுதான்." கேட்டதும் வாயடைத்துப் போனேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது இதில் பாதிதான் உண்மை என்று பட்டது. துரைக்கு எல்லாத் தோட்டமும் கணக்கில் ஒன்று. உடம்புக்கு ஒன்றல்ல.

மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1901இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வந்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் காட்டி நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை (இன்றைய கிள்ளான் துறைமுகம்) காய்ச்சலால் மூட வேண்டி வருமோ என்ற நிலை. வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார், காய்ச்சல் குறைந்தது. கரையோரக் கொசு நிழலிலும் தேங்கிய நீரிலும் வளர்வது. சரி, இதையே மலையோரத் தோட்டங்களிலும் செய்யலாம் என்று பார்த்தால், அங்கே காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது. மலையோரத்தில் பரப்புவது வேறு கொசு. அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். ஒரே மண்வெட்டி, ஒரே வேலை. கரையில் ஆளைக் காப்பாற்றியது, மலையில் ஆளைக் கொன்றது. இதைப் படித்த பிறகும் 'எல்லாத் தோட்டமும் ஒன்று' என்று நான் எப்படி எழுதுவது? நம் கதைகளில் காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம். எந்தத் தண்ணீரால் செத்தார்கள் என்று ஒரு வரி இருந்தால் அந்தச் சாவுக்கே ஒரு முகவரி கிடைத்திருக்கும்.

1941 கிள்ளான் வேலைநிறுத்தமும் அப்படித்தான். ஆர். எச். நாதன் பெயர் இங்கே பலருக்குத் தெரியும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு. மே மாதம் நாதன் கைது, பட்டாளம், துப்பாக்கிச் சூடு, சாவு. கோரிக்கைப் பட்டியலில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. சுயமரியாதைக் கோரிக்கை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சரிதான். நான் அதில் நிலத்தையும் பார்க்கிறேன். தட்டையான கரை, தோட்டத்துக்கு அடுத்துத் தோட்டம், நடுவே சடக்கு. சைக்கிள் இங்கே சாமானியனின் வாகனமாக முடியும். ஒரு தோட்டத்துச் செய்தி அடுத்த தோட்டத்துக்கு ஒரு மிதியில் போகும். செங்குத்தான மலைத் தோட்டத்தில் இந்தக் கோரிக்கை இவ்வளவு முக்கியமாக எழுந்திருக்குமா? இது ஊகம்தான். ஆனால் இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நாவல் எழுத உட்காரும் ஒருவர் செய்ய வேண்டிய ஊகம்.

சேற்றை மறந்தவர்கள் நாம் மட்டும் இல்லை. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் படை மோரிப்பில் இறங்கியது. ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்துவிட்டது. கரையைச் சரியாக ஆராயாமல் வந்ததால் வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. எதிரே ஜப்பானியர் சுட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராணுவ வரலாற்றாளர்கள் இன்றும் பேசுகிறார்கள். அவர்களும் மணலை எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்!

நம் பக்கம் பிரச்சினை இன்னும் கொஞ்சம் ஆழம். கடல் என்றதும் நமக்குக் கை நீள்வது நெய்தல் திணைக்கு. மணல்மேடு, புன்னை, தாழை, இரங்கல். மலேசியக் கவிதைகளிலும் இதைப் பார்க்கிறேன். மரபை விடச் சொல்லவில்லை. மரபைச் சரியாகத் திறந்து பார்க்கவில்லை என்கிறேன். அதே நெய்தல் பாட்டுகளில் கழி இருக்கிறது, உப்பங்கழியின் சேறு இருக்கிறது, கண்டல் மரம் இருக்கிறது. கண்டல் என்பது நம் பாக்காவ்தான். கடல் ஏறி வருவதற்கு ஓதம் என்று தனிச்சொல்லே இருக்கிறது. பிச்சாவரம் மாதிரி இடத்தைப் பார்த்தவர்கள் கட்டிய சொற்கள். கிள்ளான் கரைக்கு வேண்டிய சொற்கள் பையில் இருந்தும் நாம் மணலை மட்டும் எடுத்து வந்திருக்கிறோம்.

சேற்றை அறிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். கேரித் தீவின் மா மெரி பூர்வகுடியினர் வருடத்துக்கு ஒருமுறை, கடல் வற்றிய நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கித் தங்கள் கடல் மூதாதையருக்குப் பூசை வைக்கிறார்கள். அவர்களுக்கும் செம்பனைத் தோட்டத்துத் தமிழர்களுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் அகலம்தான். இந்த அக்கம்பக்கத்தைப் பற்றி ஒரு தமிழ்க் கதை இதுவரை என் கண்ணில் படவில்லை.

இதெல்லாம் இலக்கியச் சண்டை என்று என்னால் ஒதுக்க முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18. செராஸிலிருந்து மேலே, உலு லங்காட் பதினெட்டாவது மைலில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. கீழே ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீர். கைப்பேசியில் ஒவ்வொன்றாக வீடியோ வந்துகொண்டிருந்தது. எண்பது தாண்டிய என் பாட்டி, பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாசாங் எத்தன மணிக்காம்?"

எனக்கு முதலில் பாசாங்கு என்று கேட்டது. பிறகுதான் புரிந்தது, ஆயிர் பாசாங், கடல் பெருக்கு. மழை எவ்வளவு என்று கேட்கவில்லை. கடல் எப்போது ஏறும், உள்ளே நிற்கிற தண்ணீர் எப்போது போகும் என்று கேட்டார். அலுவலகத்தில் நாங்கள் வரைபடம் போட்டு அடுத்த வாரம் பேசிக்கொண்ட விஷயம் அது. எழுதப்படிக்கத் தெரியாத பாட்டி அன்றைக்கே அங்கே போய் நின்றுவிட்டார். அப்படியானால் அந்தக் கரையின் அறிவு நம்மிடம் இருந்திருக்கிறது. கதைக்குள் அது வரவில்லை. தோட்டம் விற்றுப்போனபோது வேலை போனதை எழுதினோம், கோயில் உடைபட்டதை எழுதினோம், சரியாகவே எழுதினோம். இந்த அறிவு போனதை எழுதவில்லை. போனதே நமக்குத் தெரியவில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. நான் கேட்பதை யாராவது நிறைவேற்றிவிட்டால், முதல் நாற்பது பக்கம் களிமண்ணின் அமிலத் தன்மை பற்றிய நாவல்கள் வரும். தகவலைக் கொட்டிய வரலாற்று நாவல்கள் தமிழுக்குப் புதிதில்லை. லாகர்லாவ் பாடப்புத்தகம்தான் எழுதினார், ஆனால் நிலம் ஒவ்வொன்றும் அந்தப் பையனுக்கு ஒரு சிக்கலாக வருகிறது, அவன் பிழைக்க வேண்டியிருக்கிறது. இன்னஸிடம் சேறு சமையலறைப் பிரச்சினையாக வருகிறது. அந்த அளவு போதும்.

நண்பரின் கதைக்குத் திரும்புகிறேன். போன வாரம் அவரிடம் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெரியவர் கடைசி நாள் கடற்கரைக்குப் போகத் தேவையில்லை, மதகுக் கதவு பக்கம் போனால் போதுமே என்றேன். தோட்டம் விற்றாயிற்று, இனி யார் அதை மூடித் திறப்பார்கள் என்று அவருக்குக் கவலை வராதா? நண்பர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அழுகை வராதே" என்றார். பிறகு நேரில் வந்து பாட்டியிடம் கேட்டார், தோட்டத்தில் அந்தக் கதவை யார் பார்த்துக்கொண்டது என்று.

"ஒரு கெழவன் இருந்தாரு. ராத்திரியில ரெண்டு மணின்னாலும் எந்திரிச்சுப் போவாரு. இன்னிக்கு ரெண்டு மணின்னா நாளைக்கு மூணுக்குக் கொஞ்சம் முன்ன. அவரு தூங்குற நேரமே தெனம் மாறிக்கிட்டே இருக்கும். பொண்டாட்டி திட்டிக்கிட்டே கெடப்பா."

நண்பர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த அமாவாசைக்கு இரண்டு பேரும் ஜுக்ராவுக்குப் போவதாக இருக்கிறோம். ஓதப் பட்டியலை நான் எடுத்து வைத்திருக்கிறேன். சப்பாத்து வேண்டாம், சிலிப்பரும் வேண்டாம், வெறுங்காலோடு போங்கள் என்கிறார் பாட்டி.